வெள்ளைப் புள்ளிக்குப் பயம், கறுப்புக் கோட்டுக்கு அலட்சியம்

கம்பம், போடியிலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்களின் நகங்களில் கறையும் வெடிப்பும் இருக்கும். நகத்தில் எந்த மாற்றம் வந்தாலும் "தோட்டத்து வேலைன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு.

பிள்ளைகளின் நகத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மட்டும் கால்சியம் டானிக் வாங்க ஓடுகிறோம். பெரும்பாலும் அது சில வாரங்களுக்கு முன் நகத்தின் வேர்ப்பகுதியில் பட்ட சின்ன அடியின் தடம். கைநகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். புள்ளியும் அதோடு நகர்ந்து போய்விடும்.

பயப்பட வேண்டியது வேறு. மாநிறத்தவருக்குப் பல விரல்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பது சகஜம். ஆனால் நடுவயதில் ஒரே ஒரு நகத்தில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ புதிதாகக் கோடு விழுந்து, அகலமாகி, நகத்தை ஒட்டிய தோலுக்கும் கறுப்பு பரவினால் அது தோல் புற்றுநோயாக இருக்கலாம். "ரத்தக்கட்டுதான்" என்று காத்திருக்காதீர்கள். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். நகராத கறுப்பைத் தோல் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம்.

நகம் கரண்டிபோலக் குழிந்தால் இரும்புச்சத்துக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் சத்துமாவை மட்டும் நம்புவது போதாது. சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிப்பது இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். நம் தோட்டங்களில் அந்தப் பழக்கம் அதிகம். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நாள் கடத்துவதும் உண்டு. சீழ் கோத்துவிட்டால் அதை மருத்துவர் வெளியேற்றத்தான் வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நகம் தடித்து மஞ்சளானால் மருந்துக்கடையில் பூஞ்சைக் களிம்பு கேட்டு வாங்குகிறார்கள். சொரியாசிஸ் என்ற தோல் நோயால் பாதித்த நகமும் பார்வைக்கு அப்படியே இருக்கும். நகத்தைச் சுரண்டிச் சோதித்த பிறகே மருந்து.

மருத்துவரிடம் போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். கால்நகங்களையும் காட்டுங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்குள் கடும் காய்ச்சல் வந்திருந்தால் சொல்லுங்கள். நகத்தின் குறுக்கே விழுந்த பள்ளத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.