பூத்திருப்பது ஹேர்பெல்லா, களையா? இரண்டு மணிப்பூக்களைப் பிரித்தறிய

போன கோடையில் வேலியோரம் இருந்த ஹேர்பெல்லைக் களை என்று பிடுங்கிப் போட்டேன். பக்கத்தில் நின்ற களைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். கனடாவின் கால்கரி நகரில் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு அந்த இழப்பு வரக்கூடாது.

ஹேர்பெல், அதாவது கம்பானுலா ரொட்டண்டிஃபோலியா, இந்த மண்ணுக்கே உரியது. க்ரீப்பிங் பெல்ஃப்ளவர், கம்பானுலா ரபங்குலாய்டஸ், அழகுக்காக ஐரோப்பாவிலிருந்து வந்தது. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தின் சட்டப்படி அது கட்டுப்படுத்தியே ஆகவேண்டிய களை.

1. முதலில் தண்டைப் பாருங்கள். களையின் தண்டு விறைப்பாக, இடுப்பளவுகூட வளரும். பூக்கள் ஒரே பக்கமாகச் சரிந்து வரிசையாகத் தொங்கும். ஹேர்பெல் தண்டு கம்பிபோல மெலிந்தது. சில பூக்கள்தான், காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், இரண்டுமே ஊதா கலந்த நீலம்.

2. இலை. நான் ஏமாந்தது இங்கேதான். ‘ரொட்டண்டிஃபோலியா’ என்றால் வட்ட இலை கொண்டது என்று பொருள். அதை நம்பி அகல இலை தேடினேன். களையின் அடியில் இதய வடிவ இலைகள் இருந்தன, போதும் என்று முடிவுகட்டினேன். ஹேர்பெல்லின் வட்ட இலைகள் தரையோடு ஒட்டியிருப்பவை. பூக்கும் நேரத்தில் பெரும்பாலும் வாடிப்போய்விடும். அப்போது தண்டில் மிஞ்சுவது புல் போன்ற ஒல்லி இலைகள் மட்டுமே. களையின் இலைகளோ அகலமானவை, ஓரம் பல் பல்லாக இருக்கும்.

3. பூவின் காம்புப் பக்கம் ஐந்து புல்லிகள், அதாவது பூவின் அடியில் இருக்கும் சிறு பச்சை இதழ்கள், இருக்கும். பின்னோக்கி மடங்கியிருந்தால் களை.

4. உறுதியானபின் தோண்டுங்கள். மண்வெட்டி வேண்டவே வேண்டாம், வேரை நறுக்கிவிடும். நறுக்கிய துண்டெல்லாம் முளைக்கும். நான்கு முள் கொண்ட கார்டன் ஃபோர்க்தான் என் தேர்வு. மேலே ஓடும் வெள்ளை வேர்களோடு நிறுத்தாமல், ஆழத்தில் கேரட் போலத் தடித்த கிழங்கையும் எடுங்கள். வீட்டு உரக்குழியில் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: தண்டைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்க்கலாமா என ஒரு வாசகர் கேட்டார். இரண்டிலுமே பால் வரும், பயனில்லை.

இன்னொருவரின் புல்தரையில் பூவே இல்லை, வெட்டிக்கொண்டே இருக்கிறார். அங்கே இலையின் அளவைப் பாருங்கள். ஹேர்பெல்லின் அடியிலை கட்டைவிரல் நகத்தளவுதான். நீளக் காம்போடு, நுனி கூராக, அதைவிடப் பெரிதாக இருந்தால் ஃபோர்க்கை எடுங்கள்.