சுவரில் ஆணி அடிக்காமல் நாடகம் போடுவது எப்படி

கீழக்கரைப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் அப்பத்தா வீட்டின் முற்றத்தில் மூன்று வருடமாக நாடகம் போடுகிறோம். வசூல் முழுக்க வீட்டுச் சுவருக்குத்தான். ஆனால் முதல் வருடம் எங்கள் நாடகமே சுவரை உதிர்த்தது.

பேனர் கட்ட நாலு ஆணி அடித்தோம். தாம்பாளம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் அது. மாற்றுக்கல்லுக்கு வழியில்லை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது கடலில் பவளப்பாறை எடுப்பது குற்றம். அதனால் தகர டின்னில் மணல் நிரப்பி, சவுக்குக் கம்பு நட்டு, அதில் பேனரும் விளக்கும் கட்டுங்கள். ஜெனரேட்டர் தெருமுனையில் இருக்கட்டும். சுவரோரம் வைத்தால் அதிர்விலேயே சாந்து பொடியாகக் கொட்டும். மெத்தையில், அதாவது மாடியில், யாரையும் ஏற்றாதீர்கள். எங்கள் வீட்டில் படிக்கட்டு வாசலை அடைத்து நாற்காலி போட்டு உட்காருவது சித்தப்பா வேலை.

மாசி மாதம்தான் தோது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் கச்சான் காற்று மைக்கில் புகுந்து பாட்டைத் தின்றுவிடும்.

நம் பக்கத்து நாடகம் விடிய விடிய நடக்கும். ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மைக்செட்டுக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஆறரைக்கே ஆரம்பித்துவிடுங்கள். நாங்கள் போடுவது சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். நாடகக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுக்கும்போதே மூன்று மணி நேரக் கணக்கைப் பேசிவிட வேண்டும். பபூன் வரும் இடத்தைப் பாதியாக்கலாம். நாரதர்–வள்ளி தர்க்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், சனம் வருவதே அதற்குத்தான்.

டிக்கெட் அச்சடித்துப் பார்த்தோம். ஊருக்குள் யாரும் வாங்கவில்லை. மறுவருடம் வாசலில் மொய் நோட்டும் பேனாவுமாக ஒருவரை உட்கார வைத்து, காட்சிக்குக் காட்சி மைக்கில் பெயர் வாசித்தோம். சரி, இது திருப்பிச் செய்யும் மொய் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். "உங்க வீட்டுச் சுவரு எனக்கு எப்பம்மா திருப்பிச் செய்யும்?" என்று ஒரு பெரியம்மா கேட்டேவிட்டார்.

பணம் வந்ததும் சிமெண்ட் மூட்டை வாங்கச் சொல்லும் கொத்தனாரை நயமாக அனுப்பிவிடுங்கள். கடலோரச் சுவருக்குள் உப்பும் ஈரமும் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும். பின்னால் கல் மாவாகும். நாடகத்துக்கு மறுநாளே சுண்ணாம்பை ஊறப்போட்டுச் சில வாரம் விடுங்கள். அப்புறம் கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்த்து அரைத்துப் பூசலாம். பூசிய சுவர் வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். ஈரச்சாக்குத் தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நாடகத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள். சாக்கு நனைக்க நானும் சித்தப்பாவும்தான்.