பிளிங்க்கா, விங்க்கா, பிளாங்க்கா: குழப்பம் வராமல் பேசுவது எப்படி

போன மாதம் என் டியூஷனுக்கு வரும் பழைய வண்ணாரப்பேட்டைப் பையன் ஒருத்தன், டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு அலைகிறவன், இன்டர்வியூ என்னப்பா ஆச்சு என்று கேட்டதற்கு கெத்தாக ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான்: 'ஐ வாஸ் பிளிங்கிங் சார்.' எனக்குப் புரிந்துவிட்டது. கேள்வி கேட்டிருக்கிறார்கள், இவன் திருதிருவென்று முழித்திருக்கிறான். சென்னையில் எந்தக் காலேஜ் வாசலில் சொன்னாலும் இது புரியும். ஆனால் லண்டன்காரர் காதில் விழுந்தால், பாவம், பையன் கண்ணில் தூசி விழுந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வார். அவன் சொல்லியிருக்க வேண்டியது 'மை மைண்ட் வென்ட் பிளாங்க்'. மண்டை காலியாகிவிட்டது என்றால் பிளாங்க், கண் மூடித் திறந்தால் பிளிங்க். ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் நம் ஊரில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்பது என் சந்தேகம்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். பிளிங்க் என்றால் இரண்டு கண்ணையும் சட்டென்று மூடித் திறப்பது. பெரும்பாலும் தானாக நடப்பது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறார், போனை முறைத்துக்கொண்டிருந்தால் அது குறைந்துவிடும், கண் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். தமிழில் இதற்கு இமைத்தல், கண் கொட்டுதல், கண் சிமிட்டுதல் என்று மூன்று சொல் வைத்திருக்கிறோம். கோளாறு அந்த மூன்றாவதில்தான். 'சிமிட்டினாள்' என்று தமிழில் சொன்னால் சும்மா இமைத்தாளா, ஜாடை காட்டினாளா என்று தெரியாது. ஆங்கிலம் இந்த இடத்தில் கறாராக இருக்கிறது. ஒற்றைக் கண்ணை வேண்டுமென்றே மூடினால் விங்க், அதாவது நம் கண்ணடித்தல். ஆகவே மொழிபெயர்க்கும் முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒரு கண்ணா இரண்டு கண்ணா, தானாகவா வேண்டுமென்றா? 'ஷி பிளிங்க்ட் அட் மீ' என்றால் நான் சொன்னதைக் கேட்டு அவள் திகைத்துப் பார்த்தாள். 'ஷி விங்க்ட் அட் மீ' என்று தப்பாக எழுதிவிட்டு அதை அவள் அண்ணன் படித்தால், அப்புறம் நான் பொறுப்பில்லை.

விங்க்குக்கு இன்னும் சில வேலைகள் உண்டு. ஒரு தப்பைக் கண்டும் காணாமல் விட்டால் அதுவும் 'விங்க் அட்' தான். 'டிட்ன்ட் ஸ்லீப் எ விங்க்' என்றால் பொட்டுத் தூக்கம் இல்லை. 'ஃபார்ட்டி விங்க்ஸ்' என்றால் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போடும் குட்டித் தூக்கம், நாற்பது தடவை கண்ணடிப்பது இல்லை.

அடுத்தது வெளிச்சம். இதற்குச் சாயங்காலம் காசிமேடு பக்கம் போய் நின்றால் போதும், பாடம் தானாக வரும். திரும்புவதற்கு ஆட்டோக்காரர் போடும் இன்டிகேட்டர் (போட்டால்!) ஒரே தாளத்தில் அணைந்து எரிகிறது இல்லையா, அது பிளிங்க். டீக்கடையில் சாகக் கிடக்கும் டியூப்லைட் ஒழுங்கே இல்லாமல் துடிக்கிறது, அது ஃப்ளிக்கர், காற்றில் ஆடும் அகல் விளக்கும் அதே ஃப்ளிக்கர்தான். தூரத்தில் கடலில் நிற்கும் படகு விளக்குகள் மினுக் மினுக்கென்று தெரிவது ட்விங்கிள். நட்சத்திரத்துக்கும் இதே சொல். அது உண்மையில் அணைந்து எரிவதில்லை, நடுவில் இருக்கும் காற்று அசைவதால் நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது. கலங்கரை விளக்கம் நீண்ட இருட்டுக்கு நடுவே ஒரு வெட்டு வெட்டுகிறதே, அது ஃப்ளாஷ். டியூப்லைட் பிளிங்க் ஆகிறது என்று நாம் சொல்வது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் எழுதும்போது ஃப்ளிக்கர் என்று போட்டால் படிப்பவர் கண்முன் அந்தச் செத்த வெளிச்சமே வந்து நிற்கும்.

எனக்குப் பிடித்த அர்த்தம் வேறு. ராயபுரம், வியாசர்பாடி பக்கம் பாக்ஸிங் கற்றவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், குத்து வரும்போது கண்ணை மூடாதே என்பதுதான் ஆரம்பப் பாடமாக இருக்கும். கண் மூடினால் அடுத்த குத்து எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஆங்கிலத்திலும் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது முதலில் பின்வாங்குகிறவரை 'பிளிங்க்ட்' என்பார்கள். 1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது சோவியத் கப்பல்கள் நின்றதும், நேருக்கு நேர் முறைத்துக்கொண்டிருந்தோம், எதிர்ப்பக்கம் இப்போது இமைத்துவிட்டது என்கிற மாதிரி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் சொன்னது இந்த அர்த்தத்தில்தான். இது ஏதோ வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தை எடுங்கள், 775ஆவது குறள்: முறைத்து விழித்த கண், எதிரி வேல் எறியும்போது இமைத்துவிட்டால் வீரனுக்கு அதுவே தோற்று ஓடியதற்குச் சமம். இதைப் படித்தவருக்கு 'ஹூ வில் பிளிங்க் ஃபர்ஸ்ட்' என்ற தலைப்பைப் பேப்பரில் பார்த்தால் அகராதி தேவைப்படாது. அடிக்குப் பயந்து உடம்பே ஒடுங்கினால் மட்டும் சொல் மாறுகிறது, அது ஃப்ளின்ச்.

இதன் மறுபக்கம், அசராமல் இருப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வஞ்சிரம் விலையைக் கேட்டு எல்லாரும் வாயைப் பிளக்க, ஒருத்தர் மட்டும் பையை நீட்டுகிறார் என்று வையுங்கள். 'ஹி டிட்ன்ட் ஈவன் பிளிங்க்.' இதையே 'டிட்ன்ட் பேட் அன் ஐலிட்' என்றும் சொல்லலாம், ஆனால் இந்த 'பேட்' இப்படி இல்லை என்ற வாக்கியத்தில்தான் அதிகம் வரும். 'ஐ பேட்டட் அன் ஐலிட்' என்று தனியாகச் சொன்னால் கேட்பவர் சிரித்துவிடுவார். இமை படபடவென்று அடித்துக்கொண்டால் ஃப்ளட்டர். வெயிலில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஸ்க்விண்ட், மாறுகண்ணுக்கும் நம் ஊர் கண் டாக்டர்கள் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள், அதனால் இடம் பார்த்துப் பேசுங்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அழுகை வரும்போது இமைத்து இமைத்து அடக்கினால் 'பிளிங்க் பேக் டியர்ஸ்'. மிக்ஸி மக்கர் பண்ணினால் 'ஆன் தி பிளிங்க்'. 'இன் தி பிளிங்க் ஆஃப் அன் ஐ' என்றால் கண் இமைக்கும் நேரத்தில். இதில் நமக்குக் கொஞ்சம் பெருமைப்பட இடம் இருக்கிறது, ஒரு மாத்திரை என்பதையே கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அளந்து வைத்திருக்கிறது. 'பிளிங்க் யுவர் ஐஸ்' என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் வெறும் பிளிங்க் போதும், கண்ணைத் தவிர வேறு எதை இமைக்கப் போகிறோம்.

எல்லாம் சொல்லிமுடித்து, பிளிங்க் வைத்து பத்து வாக்கியம் எழுதி வா என்று அந்தப் பையனை அனுப்பினேன். அவன் அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்பவர். மறுநாள் ஒன்பது வாக்கியம் ஒழுங்காக எழுதியிருந்தான். பத்தாவது இப்படி: 'மை மதர் ஷவுட்டட் தி பிரைஸ். தி கஸ்டமர் பிளிங்க்ட். தி ஃபிஷ் டிட் நாட்.' இன்னாடா இது என்றேன். 'மீனுக்கு இமையே கிடையாதே சார்' என்றான். சில சுறாக்களுக்குக் கண்ணை மூடும் ஒரு சவ்வு உண்டு என்று வாதாடிப் பார்த்தேன், அவன் அசரவில்லை. முழு மார்க் போட்டேன்.