மாமரத்துக்கு மருந்தடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து கேட்கவில்லை என்றால் அடுத்த முறை அளவைக் கூட்டுவது பலருக்கும் வழக்கம். ஆனால் கோளாறு பெரும்பாலும் அளவில் இருப்பதில்லை. அடித்த நேரத்திலோ இடத்திலோதான் இருக்கும்.

தத்துப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். பூங்கொத்தில் சாறு உறிஞ்சிப் பூவை உதிர்க்கும். அது கழிக்கும் பிசுபிசுப்பான இனிப்புக் கழிவில் கரும்பூசணம் படரும். இலை கறுத்த பிறகே பலர் தெளிப்பானைத் தூக்குகிறார்கள். அதற்குள் மரம் முழுக்கப் பூத்திருக்கும். அப்போது தெளித்தால் மகரந்தச் சேர்க்கை செய்யும் ஈக்களும் தேனீக்களும் சேர்ந்தே சாகும். அப்புறம் பிஞ்சு எங்கிருந்து பிடிக்கும்? பூங்கொத்து நீளும்போதே, பூ விரியும் முன் தெளித்துவிட வேண்டும். பூச்சி இன்னும் தெரிந்தால் பிஞ்சு பட்டாணி அளவு ஆனதும் இன்னொரு முறை. பூக்காத மாதங்களில் இது பட்டை வெடிப்புகளில் பதுங்கியிருக்கும், அதனால் அடிமரமும் நனைய வேண்டும். கிளைகள் பின்னிக்கிடக்கும் நிழல் தோப்பில் கவாத்து செய்து வெளிச்சம் விடாமல் மருந்தை மட்டும் நம்புவது, என்னைக் கேட்டால், வெட்டிச்செலவு.

தத்துப்பூச்சிக்கு அடித்த இமிடாகுளோபிரிட் மருந்து கேட்கவில்லையா, சரி, தையாமீத்தாக்சாம் வாங்குவோம் என்பார்கள். இரண்டுமே நியோனிகோட்டினாய்டு வகை. பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றுக்குப் பழகிய பூச்சி மற்றதையும் தாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். வணிகப் பெயரை விட்டுவிட்டு, லேபிளில் உள்ள வேதிப்பெயரைப் பார்த்து வேறு வகைக்கு மாறுங்கள். அதற்காகப் பைரித்ராய்டு என்ற வேறு வகை மருந்துகளையே திரும்பத் திரும்ப அடிப்பதும் ஆபத்து. பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்து, செதில்பூச்சியும் மாவுப்பூச்சியும் பெருகும்.

தண்டுத்துளைப்பானுக்கு இலைமேல் தெளித்து ஒரு பயனும் இல்லை. புழு மரத்துக்குள் இருக்கிறது. மரத்தூள் வழியும் துளையைத் தேடி, கம்பியால் புழுவை எடுத்து, மருந்தில் நனைத்த பஞ்சைத் திணித்து, களிமண்ணால் அடைக்க வேண்டும்.

பழ ஈயும் அப்படித்தான். முட்டை தோலுக்கடியில் போன பின் மேலே தெளித்தால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, நஞ்சு மட்டும் பழத்தோடு போகும். லேபிளில் சொல்லியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியாமல் காய் பறிக்கவே கூடாது. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். மெத்தில் யூஜினால் என்ற ஈயைக் கவரும் பொருள் வைத்த பொறியில் ஆண் ஈதான் விழும், பெண் ஈ வராது. ஆகவே ஈக்கள் இணைசேரும் முன்பே, காய் முற்றத் தொடங்குவதற்குள் பொறியைக் கட்டிவிட வேண்டும்.