ஒரு விசில் கொடுத்தும் பஸ் நிற்கவில்லை: பணயக்கைதி த்ரில்லர் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

ஓடுகிற பஸ்ஸை ஒருவன் மிரட்டிப் பிடித்து வைத்துக்கொள்கிறான். உள்ளே நாற்பது பேர். வெளியே போலீஸ். முதல் த்ரில்லர் எழுத நினைக்கிற பலருக்கும் தோன்றுகிற கதை இது. எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அன்று எழுதியதை, தேனி வண்டியில் கண்டக்டராக இருக்கும் நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். “இத்தனை பேர் உள்ள இருக்காங்களே, இவங்கெல்லாம் எங்க இறங்கணும்?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வகைக் கதையை எப்படி எழுதுவது என்று கற்றுக்கொண்டேன். வீட்டில் பயம் வந்தால் வெளியே ஓடலாம். பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரும் தன் ஊர் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஊர் வந்து, நிற்காமல் பின்னால் போய்விடுவதுதான் இந்தக் கதையின் பயம். கீழே வருகிற படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 1: ஆளுக்கு முன்னால் வழித்தடம்

வில்லனை யோசிப்பதற்கு முன் எந்த பஸ் என்று முடிவு செய்யுங்கள். நான் ஆரப்பாளையம்–தேனி வழியை எடுத்துக்கொள்கிறேன். காளவாசல், நாகமலைபுதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், செல்லம்பட்டி, உசிலம்பட்டி, அப்புறம் ஆண்டிபட்டிக் கணவாய், ஆண்டிபட்டி, க.விலக்கு, தேனி. ஏறக்குறைய 75 கிலோமீட்டர். முதல் பாதி சமவெளி, ஊருக்கு ஊர் விளக்கு வெளிச்சம். உசிலம்பட்டி தாண்டியதும் மலை நெருங்கி வருகிறது. கணவாயில் சாலையும் ரயில் பாதையும் மலைகளுக்கு நடுவே போகின்றன. கதையின் பதற்றம் எங்கே ஏற வேண்டும் என்பதைச் சாலையே சொல்லிவிடுகிறது.

இந்த வழியில் கதை தானாகக் கிடைக்கும் இடங்கள் மூன்று. கருமாத்தூரில் கல்லூரி இருக்கிறது, மாணவர்கள் இறங்குவார்கள். உசிலம்பட்டி நெரிசலான ஊர், பஸ் ஸ்டாண்டுக்குள் போகாமல் ஒரு அரசு பஸ் நேரே போனால் காத்திருப்பவர்கள் பின்னாலேயே ஓடி வருவார்கள். கணவாய் மாவட்ட எல்லைப் பகுதி. வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து எந்த மாவட்ட போலீஸ் முதலில் வர வேண்டும் என்பதே மாறும்.

ஆண்டையும் இப்போதே எழுதி வையுங்கள். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 இறுதியில் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டது. தேனி வரை ரயில் திரும்ப வந்தது 2022 மே மாதம், போடி வரை 2023 ஜூனில். உங்கள் கதை 2015-இல் நடந்தால் கணவாயில் ரயில் சத்தம் கேட்கக் கூடாது. 2024-இல் நடந்தால், இருட்டில் நிற்கிற பஸ்ஸைத் தாண்டி வெளிச்சமான ரயில் ஒன்று போகிறது. அதில் இருக்கிற யாருக்கும் எதுவும் தெரியாது. அந்தக் காட்சியை விட்டுவிடாதீர்கள்.

படி 2: பஸ் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு நாள் செலவழித்து அந்த பஸ்ஸில் போய் வாருங்கள். டிக்கெட் காசுக்கு மேல் செலவில்லை. ஒரு முறை முன்னால் எஞ்சின் பக்கம் உட்காருங்கள், ஒரு முறை கடைசி சீட்டில். டிரைவரின் கண்ணாடியில் எந்த சீட் வரை தெரிகிறது, அவசர வழி எந்தப் பக்கம், ஜன்னல் ஷட்டர் ஏறுகிறதா சிக்குகிறதா, எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். ஒரு பக்கம் மூன்று பேர் சீட், ஒரு பக்கம் இரண்டு பேர் சீட், நடுவில் ஒரு ஆள் போகிற வழி. அந்த வழியில் காய்கறி மூட்டை ஒன்று கிடந்தால் உங்கள் சண்டைக் காட்சி முழுவதும் மாறிவிடும்.

மூன்று விஷயங்களைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போகலாம். தமிழ்நாட்டில் பஸ் ஏறிய எல்லோர் காதிலும் இது பதிந்திருக்கிறது. அதனால் உங்கள் கதையின் முதல் வரி தயாராகவே இருக்கிறது: ‘கருமாத்தூர் வந்தது. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தார். பஸ் நிற்கவில்லை.’ துப்பாக்கியும் இல்லை, கூச்சலும் இல்லை. ஆனாலும் வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

இரண்டாவது இன்வாய்ஸ். எந்த ஸ்டேஜில் எத்தனை டிக்கெட் போனது என்று கண்டக்டர் கணக்கு வைத்திருப்பார். வெளியே நிற்கிற போலீஸுக்கு முதலில் தேவைப்படுவது உள்ளே எத்தனை பேர் என்ற எண்தான். கதையில் அந்த எண் கண்டக்டர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அவர் அதை எப்படி வெளியே சொல்கிறார்? இந்தக் கேள்வியை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

மூன்றாவது ஏர் பிரேக். காற்றழுத்தம் குறைந்தால் வண்டி நகராது. காலையில் டெப்போவில் எஞ்சினை ஓடவிட்டு, ஏர் ஏறும் வரை டிரைவர்கள் காத்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் அணைத்து வைத்திருந்த வண்டியை ‘உடனே எடு’ என்று மிரட்டினால், “ஏர் ஏறணும்ணே, கொஞ்சம் பொறுங்க” என்று டிரைவர் சொல்வார். உண்மையாகவே ஏர் இல்லையா, நேரம் கடத்துகிறாரா? மிரட்டுகிறவருக்குத் தெரியாது. வாசகருக்கும் தெரிய வேண்டாம்.

படி 3: நாற்பது பேருக்கும் இறங்கும் இடம் எழுதுங்கள்

ஒரு தாளில் சீட் வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு சீட்டிலும் பெயரை எழுதாமல் இறங்கும் ஊரையும், அங்கே அவருக்காக என்ன காத்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நாற்பதும் கதைக்குள் வராது. ஐந்தாறு பேர் போதும். ஆனால் நாற்பதையும் எழுதினால்தான் அந்த ஐந்தாறு பேர் யார் என்று தெரியும்.

என் தாளிலிருந்து சிலர். கருமாத்தூரில் இறங்க வேண்டிய மாணவன். ஸ்டாப் போய்விட்டதை முதலில் உணர்கிறவன் அவன்தான். உசிலம்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போகிற புதுப்பெண், பஸ் ஸ்டாண்டில் மாமா நிற்கிறார், பஸ் அவரைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே பிரசவத்துக்குச் சேர்த்திருக்கும் மகளுக்குத் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோகிற அம்மா. கடைசியாகத் தேனிக்குப் போகிற பூக்கார ஆத்தா. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை மொட்டு வாங்கிக் கூடையில் ஈரத்துணி போட்டு மூடி எடுத்து வந்திருக்கிறாள்.

இவர்கள் யாருக்கும் வீரம் தேவையில்லை. அந்த அம்மா எழுந்து மிரட்டுகிறவரை அடிக்கப் போவதில்லை. மடியில் இருக்கிற தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அந்தக் கையை எழுதுங்கள்.

படி 4: பையோடு ஏறியவர்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். கோடிக்கணக்கில் பணம், சிறையில் இருக்கும் தாதாவின் விடுதலை என்று பெரிய கோரிக்கை வைக்கிறார்கள். பெரிய கோரிக்கை வந்தால் கதை பஸ்ஸை விட்டு மந்திரி அறைக்குப் போய்விடுகிறது. நம் பஸ்ஸில் கோரிக்கை சின்னதாக இருக்கட்டும், ஆனால் எளிதில் நிறைவேற முடியாததாக இருக்கட்டும்.

என் கதையில் மிரட்டுகிறவர் ஐம்பத்தைந்து வயது தையல்காரர். பதினொரு வருடம் ஏலச்சீட்டில் கட்டிய பணம் போய்விட்டது. மகள் கல்யாணம் நின்றுவிட்டது. சீட்டு நடத்தியவர் தலைமறைவு. தையல்காரர் கேட்பது பணமல்ல. ‘இரவு பத்து மணிக்குள் அந்த ஆள் இங்கே வந்து, இவரிடம் வாங்கினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.’ ஆள் எங்கே என்று போலீஸுக்கே தெரியாது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பாதிப்பேர் தாங்களும் எங்கோ சீட்டுக் கட்டி ஏமாந்தவர்கள். இந்த ஒன்றினால் பஸ்ஸுக்குள் பயத்தோடு இன்னொன்றும் கலக்கிறது.

அப்படிக் கலப்பது நிஜத்தில் நடந்ததுதான். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் வங்கி ஒன்றில் ஆறு நாள் அடைபட்டிருந்தவர்கள், தங்களைப் பிடித்து வைத்தவர்களைவிடப் போலீஸைக் கண்டுதான் அதிகம் பயந்தார்கள். ‘ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஆனால் கதையில் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். பூக்கார ஆத்தா தையல்காரரை அதட்டட்டும்: “ஏப்பா, இம்புட்டுப் பூவும் வீணாப் போயிரும்பா. நீ என்னமும் பண்ணிக்க, இந்தச் சன்னலை மட்டும் தொறந்துவிடச் சொல்லு.” அவரும் திறக்கச் சொல்வார். அந்த நிமிடம் இருவருக்கும் நடுவே ஏதோ மாறிவிடும்.

பை? அவர் மடியில் ஒரு ரெக்சின் பை. உள்ளே என்ன என்று கடைசி வரை காட்டாதீர்கள். அவர் கை ஜிப்பின் மேல் இருக்கிறது என்பது போதும்.

படி 5: வெளியே நடப்பது

இதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சரியாக வையுங்கள். முதலில் வருவது பக்கத்து ஸ்டேஷன் எஸ்.ஐ.யும் இரண்டு காவலர்களும்தான். பிறகு டி.எஸ்.பி., எஸ்.பி., கலெக்டர். தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னையில் மையம் 2009 முதல் இருக்கிறது. ஆனால் சென்னையிலிருந்து உசிலம்பட்டிக்கு வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் உள்ளூர் போலீஸ் தனியாக நிற்கிறது. உங்கள் கதை நடப்பது அந்த இடைவெளியில்தான்.

பேச்சுவார்த்தை நடத்துகிறவரிடம் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். நிஜ வழக்கமும் அதுதான். ‘மேலே கேட்டுச் சொல்றேண்ணே’ என்று சொல்ல முடிந்தால்தான் அவருக்கு நேரம் கிடைக்கும்.

பத்திரிகைகாரர்களையும் மறக்க வேண்டாம். 2010 ஆகஸ்ட் 23 அன்று மணிலாவில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட போலீஸ் அதிகாரி ஒருவர் சுற்றுலாப் பயணிகள் பஸ்ஸைப் பிடித்தார். அவர் கேட்டது தன் வேலையைத் திரும்பத் தரவேண்டும் என்பதை. பஸ்ஸுக்குள் இருந்த டிவியில் வெளியே நடப்பதெல்லாம் நேரலையில் ஓடியது. தன் சகோதரரைப் போலீஸ் இழுத்துப்போவதை அவர் அதில் பார்த்தார். அன்றிரவுக்குள் பயணிகளில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். இந்தச் சம்பவத்தைப் படித்தபோது எனக்குப் பல நாள் மனசு சரியில்லை. இன்று டிவிகூட வேண்டாம், பஸ்ஸில் நாற்பது போன் இருக்கிறது. மாணவன் வீட்டுக்கு அனுப்பிய ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டு, அரை மணி நேரத்தில் தையல்காரரின் போனுக்கே வந்து சேரட்டும். அதில் அவர் மகள் அழுகிறாள்.

படி 6: கடிகாரம்

‘மணி 7.40’, ‘மணி 8.15’ என்று தலைப்பு போட்டுப் பதற்றம் உண்டாக்கப் பார்ப்பது சோம்பல். பஸ்ஸுக்குள்ளேயே கடிகாரங்கள் இருக்கின்றன. போன் சார்ஜ் குறைகிறது. கஞ்சி ஆறுகிறது. குழந்தை ஒன்றுக்குப் போக வேண்டும் என்கிறது. நமக்கு இன்னொன்றும் இருக்கிறது. மல்லிகை மொட்டு மாலைக்குப் பிறகு விரியும். ஏறும்போது கூடையில் வாசம் இல்லை. கணவாயில் வண்டி நின்ற பிறகு மெல்ல வாசம் வருகிறது. அப்புறம் பஸ் முழுவதும் நிறைகிறது. மொட்டாக இருந்தால்தான் ஆத்தாவுக்கு விலை. வாசம் ஏற ஏற அவள் போட்ட முதல் கரைகிறது. மதுரைப் பக்கத்து வாசகருக்கு நேரம் போவதைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படி 7: பேச்சை எழுதுவது

இரண்டு நாள் பயணத்தில் காதைத் திறந்து வைத்திருந்தால் இது தானாக வரும். கண்டக்டர் ‘தாங்கள் எங்கே செல்ல வேண்டும்’ என்று கேட்க மாட்டார். “எங்கிட்டுண்ணே?” என்பார். பயந்த மனிதர்கள் நீளமாகப் பேசுவதில்லை. மிரட்டுகிறவரும் பயந்தவர்தான், அவரும் நீளமாகப் பேச வேண்டாம்.

போனில் பேசுகிற பெண் இன்ஸ்பெக்டருக்கு நான் எழுதிய பகுதி இது:

“அண்ணே, உசிலம்பட்டில இருந்து பேசுறேன். சாப்டீங்களா?”

“அவன் வந்துட்டானா?”

“தேடிக்கிட்டு இருக்காங்கண்ணே. பதினோரு வருசம் கட்டினீங்கன்னு சொன்னாங்க.”

“பதினோரு வருசம்.”

“மாசம் தவறாமயா?”

“ஒரு மாசம்கூடத் தவறினதில்லமா.”

அந்த இன்ஸ்பெக்டர் எதையும் மறுக்கவில்லை, எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. அவரைப் பேச வைக்கிறார். கடைசியில் தையல்காரர் ‘மா’ என்று சொன்னதைக் கவனியுங்கள். அந்த ஒரு எழுத்துக்காக நான் ஆறு முறை திருத்தினேன்.

படி 8: ஒவ்வொருவராக இறக்குங்கள்

கமாண்டோ பாய்ந்து, கண்ணாடி உடைந்து, ஒரே நிமிடத்தில் முடிக்கத் தோன்றும். முதல் கதையில் அதைச் செய்யாதீர்கள். படி 3-இல் எழுதிய தாளை எடுங்கள். முதலில் குழந்தையும் தாயும். அதற்குப் பதிலாக வெளியிலிருந்து தண்ணீர் கேன். அடுத்து கஞ்சி கொண்டுபோகிற அம்மா. அவளை விடுவது யார் முடிவு? கண்டக்டர் கேட்டதாலா, ஆத்தா திட்டியதாலா, தன் மகளை வீடியோவில் பார்த்ததாலா? ஒவ்வொருவர் இறங்கும்போதும் தையல்காரரிடம் ஒன்று குறைய வேண்டும்.

பையைக் கடைசியில் எப்படித் திறப்பது என்பது உங்கள் விருப்பம். என் கதையில் உள்ளே இருப்பது பதினொரு வருட சீட்டுப் புத்தகங்களும் ஒரு கத்தரிக்கோலும். போலீஸ் அவரை அழைத்துப்போன பிறகு கண்டக்டர் உள் விளக்கைப் போட்டு இன்வாய்ஸை எடுக்கிறார். கருமாத்தூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று டிக்கெட் எடுத்தவர்கள் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தேனி டிக்கெட் ஒன்று மட்டும் கணக்கில் நிற்கிறது. ஆத்தா கூடையோடு அதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தேனியில் இறக்கிவிட்டுக் கதையை முடியுங்கள். ஆனால் அதற்கு முன்னால், வண்டி கிளம்ப ஏர் ஏற வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் டிரைவர், கண்டக்டர், ஆத்தா மூவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை எழுதுங்கள். அப்புறம் இரண்டு விசில்.