வெட்சூட் தோளில் ஏறவில்லையா? கணுக்காலைப் பாருங்கள்

புதுச்சேரியில் முதல்முறை டைவிங் போகிறவர்கள் கடலைப் பார்த்துப் பயந்ததைவிட வெட்சூட்டிடம் (உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் டைவிங் உடை) மல்லுக்கட்டித் தோற்றதையே அதிகம் பார்த்திருக்கிறேன். கால் நுழையும், இடுப்பும் ஏறும், தோள் மட்டும் மூடாது. உடனே, "சின்ன சைஸ் கொடுத்துட்டீங்க" என்று சண்டை. பெரும்பாலும் சைஸ் சரியாகத்தான் இருக்கும். கணுக்காலிலும் முழங்காலிலும் மேலே ஏற்றாமல் விட்ட இரண்டு அங்குலம் கவட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கடனைத்தான் தோள் கேட்கிறது.

ஆகவே இடுப்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். சாக்ஸ் போடுவதுபோலச் சுருக்கிப் பிடித்து, கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஒவ்வொரு இடமாகப் படியவைத்து ஏறுங்கள். கவட்டில் இடைவெளி இல்லை என்று உறுதியான பிறகே கையை நுழைக்க வேண்டும். கைக்கும் இதே கதைதான்; அக்குளில் மடிப்பு நிற்கக்கூடாது.

இவ்வளவு இறுக்கம் எதற்கு? 1952இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் வெட்சூட்டை உருவாக்கியபோது பிடித்த சூட்சுமம் எளிது: உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, மேலே இருக்கும் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் நுரையின் வாயுக் குமிழிகள் உடம்பின் வெப்பத்தைக் காக்கும். ஆனால் சூட் தொளதொளவென்று இருந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்துபோய்க்கொண்டே இருக்கும்.

அடுத்த தவறு, நகத்தால் கிள்ளி இழுப்பது. என் பழைய சூட்டின் தொடையில் பிறைபோல ஒரு கிழிசல் உண்டு. என் கட்டைவிரல் நகம் செய்த வேலை. விரல் நுனியின் சதைப்பகுதியால் பிடியுங்கள். பாதி வியர்த்த உடம்பில் நியோப்ரீன் பசைபோல ஒட்டும். நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முழுசாக நனைந்துகொள்ளுங்கள். பாதத்தில் ஒரு பழைய பாலிதீன் கவரை மாட்டினால் வழுக்கிக்கொண்டு போகும் (கவரைக் கடலில் பறக்கவிடாதீர்கள்). வாசலின், தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம், சூட்டுக்கு ஆகாது. தண்ணீரில் கலக்கிய பேபி ஷாம்பூ கொஞ்சம் போதும்.

முதுகு ஜிப்பைத் தனியாக இழுத்துப் போராடுவானேன்? தோளைப் பின்னுக்குத் தள்ளி நில்லுங்கள், கூட வந்தவர் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து ஏற்றட்டும். ஆனால் வெயிலில் படகு கிளம்பும் முன்பே பூட்டிக்கொள்ளாதீர்கள், உள்ளே வெந்துபோவீர்கள். கழுத்து அழுத்தித் தலை சுற்றினால் "பழகிடும்" என்று விடவும் கூடாது. கழுத்தின் இருபுறமும் இரத்த அழுத்தத்தை உணரும் இடம் இருக்கிறது. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து மயக்கம்கூட வரலாம். சூட்டை மாற்றிக் கேளுங்கள்.

கழற்றும்போது முதலில் கைக்கடிகாரம், டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டும் மணிக்கட்டுக் கருவி) எல்லாம் வெளியே வரட்டும். மணிக்கட்டு விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தையல் விட்டுப்போகும். தோளிலிருந்து உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துக்கொண்டே வாருங்கள், ஒரு நேரத்தில் ஒரு கை. இரண்டையும் சேர்த்து முயன்ற ஒருநாள், முதுகுக்குப் பின்னால் கை கட்டப்பட்ட கைதிபோலப் படகில் நின்றேன். சூட் ஒட்டிக்கொண்டால் கழுத்து வழியாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், இளகும். காலுக்கு உட்கார்ந்துகொள்ளுங்கள், ஆடும் படகில் ஒற்றைக்கால் தவம் வேண்டாம்.

அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், இடுப்பில் மடித்துக் காயப்போடுங்கள். மெல்லிய கம்பி ஹேங்கரில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் தோள் இழுபட்டுவிடும். அடுத்தமுறை சைஸ் பெரிசு என்று சண்டை போட வேண்டியிருக்கும்.