பாலக்காட்டில் இலவசக் கச்சேரி கேட்க

படிப்புக்காகவோ வேலைக்காகவோ பாலக்காட்டில் தங்கியிருக்கும் நம்மவர்கள், கச்சேரி முடிந்த பிறகு செய்தி தெரிந்து வருத்தப்படுவார்கள். அந்த வருத்தம் வேண்டாம்.

முதலில் கல்பாத்தி. ஐப்பசிக் கடைசியில், அதாவது நவம்பர் நடுவில், விசாலாட்சி சமேத விசுவநாத சுவாமி கோயில் தேர். தேருக்கு முந்தைய நாட்களிலேயே அக்கிரகாரத்தில் இசைவிழா தொடங்கிவிடும். அதனால் தேரன்று மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் பாட்டு காதில் விழாது. பாட்டுக்கென்றே முந்தைய மாலைகளில் போய், முன்வரிசையில் உட்காருங்கள். ஒலவக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான்.

அப்புறம், கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதரின் (1896–1974) ஊரான செம்பை கிராமம், கோட்டாயி பக்கம். மாசி வளர்பிறை ஏகாதசியை ஒட்டி அங்கே பார்த்தசாரதி கோயிலில் பாடுவார்கள். பெரிய வித்வான்களும் இளையவர்களும் ஒரே மேடையில் பாடுவதை அவ்வளவு அருகில் கேட்கும் வாய்ப்பு நகர சபாக்களில் அரிது. ராத்திரி திரும்ப பஸ் கிடைக்குமா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாட்களுக்கு? ஊரிலுள்ள செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரியில் விசாரியுங்கள், மாணவர் கச்சேரிகளைத் தவறவிடாதீர்கள். கோட்டை மைதானத்து ராப்பாடி திறந்தவெளி அரங்கையும் பார்த்து வையுங்கள். போஸ்டர் மலையாளத்தில்தான் இருக்கும். போனில் படமெடுத்துப் பக்கத்து டீக்கடையில் காட்டினால் தேதியும் நேரமும் சொல்லிவிடுவார்கள்.